அரை மணி நேரக் கணக்கு

"ஆறு பேர் ஒரு ஃபைபர் படகில் வந்து மூன்று லட்சம் டன் கப்பலைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். கப்பல் கம்பெனிகளும் இத்தனை நாட்டுக் கடற்படைகளும் என்னதான் செய்கின்றன? கப்பலில் நாலு துப்பாக்கி வைத்தால் தீராதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், தம்பி அடுத்த மாதம் ஏடன் வளைகுடா வழியாகப் போகும் கப்பலில் முதல்முறையாகச் சேரப் போகிறான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ இந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி என்று படுகிறது. அவனுக்கு ஏதாவது ஆனால் யார் வருவார்கள், எவ்வளவு நேரத்தில் வருவார்கள் என்பதுதானே உங்களுக்குத் தெரிய வேண்டும்? அதை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடிக்காரன். பதினெட்டு வருடம் சரக்குக் கப்பலிலும் டேங்கரிலும் வேலை பார்த்துவிட்டு, சீஃப் ஆபிசராக, அதாவது கேப்டனுக்கு அடுத்த நிலையில், இருந்தபோது கரையேறினேன். இப்போது ஒரு கப்பல் மேலாண்மை அலுவலகத்தில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். சோமாலியக் கொள்ளை உச்சத்தில் இருந்த 2008 முதல் 2012 வரையிலான வருடங்களில் சோமாலியாவுக்கும் ஏமனுக்கும் நடுவே உள்ள அந்த வளைகுடாவைப் பதினொரு தடவை கடந்திருக்கிறேன். ஒரு தடவைகூட எங்கள் கப்பலில் யாரும் ஏறவில்லை, அதனால் வீரக்கதை எதுவும் என்னிடம் கிடையாது. சட்டமும் நான் படித்ததில்லை. சட்டம் பற்றிக் கீழே வருவதை, ஒரு கப்பல்காரன் வேலைக்காகத் தெரிந்துகொண்டது என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆறு பேருக்கு அது எப்படி முடிகிறது என்று பார்ப்போம். அவர்கள் கரையிலிருந்து நேராக வருவதில்லை. ஏற்கெனவே பிடித்து வைத்த ஒரு மீன்பிடிக் கப்பலையோ தோணியையோ தாய்க்கப்பலாக வைத்துக்கொண்டு நடுக்கடலில் காத்திருப்பார்கள். அதிலிருந்து இறங்கும் ஸ்கிஃப் என்ற சின்னப் படகு 25 நாட் (மணிக்கு 25 கடல் மைல்) வேகத்தில் வரும். சரக்கு ஏற்றிய டேங்கர் 12, 13 நாட் வேகத்தில்தான் போகும். பெரிய கப்பல் என்றால் உயரமாக இருக்கும் என்று நினைப்போம். ஆனால் முழுச் சரக்கோடு போகும்போது கப்பல் தண்ணீரில் அமுங்கி, மேல்தளம் கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்துக்கு வந்துவிடும். 2008 நவம்பரில் 'சிரியஸ் ஸ்டார்' என்ற சவூதி டேங்கர் போனது அப்படித்தான். 330 மீட்டர் நீளம், வயிற்றில் 20 லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெய். கென்யக் கரையிலிருந்து 450 கடல் மைல் தள்ளி, யாரும் கொள்ளையரை எதிர்பார்க்காத இடத்தில் பிடித்தார்கள். கொக்கி வைத்த ஒரு அலுமினிய ஏணி போதும். படகு கண்ணில் பட்டதிலிருந்து ஆள் ஏறும் வரை பதினைந்து இருபது நிமிடம்தான். கப்பலை ஓட்டும் இடமான பிரிட்ஜுக்கு வந்து கேப்டன் தலையில் துப்பாக்கியை வைத்துவிட்டால் கதை முடிந்தது. அதன்பிறகு பக்கத்தில் போர்க்கப்பலே வந்து நின்றாலும் அது வேடிக்கைதான் பார்க்க முடியும்.

இப்போது மறுபக்கக் கணக்கு. கொள்ளையர் நடமாடிய கடற்பரப்பு இந்தியாவின் நிலப்பரப்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். எல்லா நாட்டுக் கடற்படையையும் கூட்டினாலும் ஒரு நேரத்தில் அங்கே இருபது முப்பது போர்க்கப்பல்தான் இருக்கும். அதில் ஒன்று உங்களிடமிருந்து 60 கடல் மைல் தள்ளி இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. அதன் ஹெலிகாப்டர் வந்து சேர அரை மணி நேரம், கப்பலே வர இரண்டு மணி நேரம். கொள்ளையனுக்கு வேண்டியது இருபது நிமிடம், காப்பாற்ற வருகிறவனுக்கு வேண்டியது அரை மணி நேரம். கப்பல் துறை செய்தது முழுக்க அந்த இருபது நிமிடத்தை இழுத்து நீட்டும் வேலை. அரசாங்கங்கள் இந்த அரை மணி நேரத்தைச் சுருக்கப் பார்த்தன.

துறையின் பக்கம் 'பி.எம்.பி.' என்று நாங்கள் சொல்லும் ஒரு சின்னக் கையேடு. கப்பல் முதலாளிகள் சங்கங்கள், காப்பீட்டாளர்கள், கடற்படைகள் எல்லாரும் சேர்ந்து எழுதிய நடைமுறைத் தொகுப்பு. 2011ல் வந்த நான்காம் பதிப்பு எங்கள் பிரிட்ஜில் கிழிந்து தொங்கும் அளவுக்குப் புரட்டப்பட்டது. நுழைவதற்கு முன் பதிவு செய், அப்போது துபாயில் இருந்த பிரிட்டிஷ் மையத்துக்குத் தினமும் இருப்பிடம் சொல், முடிந்த அளவு வேகமாகப் போ, ஏறுவதைக் கடினமாக்கு. இவ்வளவுதான் சாரம். 18 நாட் வேகத்துக்கு மேல் ஓடிய கப்பலில் கொள்ளையர் ஏறியதாக அதுவரை தகவல் இல்லை என்றும் அதில் இருந்தது. அதனால்தான் கன்டெய்னர் கப்பல்காரர்கள் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கினார்கள். எங்களைப் போல 13 நாட் வேகத்தில் ஊர்ந்தவர்களுக்கு அந்த வரி ஆறுதல் தரவில்லை.

ஏறுவதைக் கடினமாக்குவது என்றால் பெரும்பாலும் ரேஸர் வயர். பிளேடு வைத்த முள்கம்பிச் சுருளைக் கப்பலின் இரண்டு பக்கமும் பின்புறமும் சுற்றிக் கட்ட வேண்டும். 2010ல் ஒரு பயணத்தில் எங்கள் போசன் (தளப் பணியாளர்களின் மேஸ்திரி), கீழக்கரைக்காரர், நாலு பேரை வைத்துக்கொண்டு இரண்டு நாள் கட்டினார். தோல் கையுறை கிழிந்து எல்லாருக்கும் கையில் ரத்தம். வளைகுடாவைத் தாண்டியதும் அவ்வளவையும் அவிழ்க்க வேண்டும், ஏனென்றால் துறைமுகத்தில் வழிகாட்டும் பைலட் ஏறணும், கயிறு போடணும். பக்கவாட்டில் ஃபயர் ஹோஸ்களைக் கட்டி, தண்ணீரை வெளிப்பக்கம் பீய்ச்சிக்கொண்டே போவோம். பழைய பாய்லர் சூட்டுக்குள் துணியைத் திணித்து, தலைக்கு ஹெல்மெட் மாட்டி, காவல் நிற்பதுபோலப் பொம்மைகளும் வைப்போம். அதில் ஒன்றுக்கு எங்கள் கம்பெனி சூப்பிரண்டெண்டின் பெயரை வைத்திருந்தோம். ரொம்ப வேலை செய்கிற மாதிரி நிற்கும், ஒன்றும் செய்யாது. இது எதுவும் கொள்ளையனைத் தடுக்காது. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நிமிடம் சேர்த்துக் கொடுக்கும். பக்கத்தில் இன்னொரு கப்பல் கம்பி இல்லாமல் வந்தால் அவன் அதைத் தேடிப் போவான். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் இதுதான் உண்மை.

அதையும் மீறி ஏறிவிட்டால் கடைசி நிமிடங்களை வாங்கித் தருவது சிட்டாடல். ஸ்டீரிங் கியர் ரூம் (சுக்கான் இயந்திர அறை) மாதிரி கனமான இரும்புக் கதவுள்ள ஓர் அறைக்குள் எல்லாரும் போய்ப் பூட்டிக்கொள்வது. போகும்போதே இன்ஜினை நிறுத்திவிட்டால், ஏறியவனுக்குக் கிடைப்பது ஓடாத கப்பலும் பணயத்துக்கு ஆளில்லாத பிரிட்ஜும்தான். கடற்படைகள் இதற்கு இரண்டு நிபந்தனை வைக்கும். ஒருவர் பாக்கியில்லாமல் அத்தனை பேரும் உள்ளே இருக்க வேண்டும், உள்ளிருந்து வெளியே பேச நம்பகமான தொடர்பு இருக்க வேண்டும். ஒரே ஒரு ஆள் வெளியே மாட்டிக்கொண்டாலும் கமாண்டோ வரமாட்டான். 2010 செப்டம்பரில் 'மெகல்லன் ஸ்டார்' கப்பலின் 11 பேரும் உள்ளே இருந்தார்கள், அமெரிக்க மரீன்கள் ஏறி 9 கொள்ளையரைப் பிடித்தார்கள், ஒரு குண்டுகூடச் சுடவில்லை. 2024 ஜனவரியில் 'லீலா நார்ஃபோக்' கப்பலில் 15 இந்தியர் உட்பட 21 பேரும் இப்படித்தான் தப்பினார்கள். ஐஎன்எஸ் சென்னை வந்து, நம் கடற்படையின் கமாண்டோக்களான மார்கோஸ் வீரர்கள் ஏறியபோது கொள்ளையர் போயே போய்விட்டார்கள். ஆனால் 2011 ஜனவரியில் 'பெலுகா நாமினேஷன்' கப்பலுக்கு உதவி வந்து சேரவில்லை. இரண்டு நாளுக்கு மேல் எடுத்துக்கொண்டு சிட்டாடலை அறுத்து உள்ளே இறங்கினார்கள், மாலுமிகள் சிலர் உயிரோடு ஊர் திரும்பவில்லை. சிட்டாடல் நேரத்தைத்தான் வாங்கித் தரும். அந்த நேரத்துக்குள் யாராவது வர வேண்டும்.

சரி, துப்பாக்கி. மாலுமிகள் கையில் கொடுக்க முடியாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கப்பலில் மொத்தமே இருபது இருபத்தைந்து பேர், அதில் சுடத் தெரிந்தவர் யாருமில்லை. டேங்கர் தளத்தில் செல்போன் கொண்டுபோகவே அனுமதி இல்லாதபோது துப்பாக்கிச் சண்டை போட முடியுமா? கப்பல் பத்து நாட்டுத் துறைமுகங்களுக்குப் போகும், பத்து நாட்டுக்கும் பத்து ஆயுதச் சட்டம். வெளியிலிருந்து பயிற்சி பெற்ற காவலர்களை அழைத்துக்கொள்வதுகூட 2010 வரை துறையில் கெட்ட வார்த்தையாகத்தான் இருந்தது. 2011ல் எல்லாம் மாறியது. சர்வதேசக் கடல்சார் அமைப்பு மே மாதம் இடைக்கால வழிகாட்டுதல் தந்தது, இந்தியா ஆகஸ்டில் அனுமதித்தது, பிரிட்டன் அக்டோபரில். அதிலிருந்து நாலு பேர் கொண்ட குழு, பெரும்பாலும் முன்னாள் ராணுவத்தினர், இலங்கையின் காலியிலோ ஓமன் பக்கமோ ஏறி, மறுமுனையில் இறங்குவது வழக்கமானது. ஒரு பயணத்துக்குப் பல பத்தாயிரம் டாலர் செலவு. அந்த உச்ச வருடங்களில் ஆயுதக் காவலர் இருந்த ஒரு சரக்குக் கப்பல்கூடக் கடத்தப்பட்டதாகக் கணக்கில் இல்லை. துறையில் யாரும் மறுக்காத தகவல் இது.

இதற்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. எங்கள் பக்கம்தான் அது விழுந்தது. 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கரைக்கு அப்பால் 'என்ரிகா லெக்ஸி' என்ற இத்தாலிய டேங்கரில் இருந்த அந்நாட்டுக் கடற்படை வீரர்கள், 'செயின்ட் ஆன்டனி' என்ற மீன்பிடிப் படகைக் கொள்ளையர் படகு என்று நினைத்துச் சுட்டார்கள். இறந்த இரண்டு மீனவர்களில் ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். இவர்கள் தனியார் காவலர்கள்கூட இல்லை, ஓர் அரசின் படைவீரர்கள். யார் விசாரிப்பது என்ற சண்டை வருடக்கணக்கில் ஓடியது. வீரர்களை விசாரிக்கும் உரிமை இத்தாலிக்கே, ஆனால் இந்தியாவுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று 2020ல் சர்வதேச நடுவர் தீர்ப்பாயம் சொன்னது. 2021ல் 10 கோடி ரூபாய் கட்டி வழக்கு முடிந்தது.

அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியதற்குக் காரணம் உண்டு. அதற்குச் சில மாதம் முன்னால், லட்சத்தீவின் மினிக்காய் பக்கம், இருட்டும் நேரத்தில் இரண்டு படகுகள் எங்கள் கப்பலை நோக்கி விரைந்து வந்தன. நான்தான் வாட்சில் இருந்தேன். காவலர்கள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பிரிட்ஜின் பக்கவாட்டு மேடைக்கு வந்துவிட்டார்கள். லுக்அவுட்டில் நின்ற குளச்சல் பையன் ஒருவன், "சார், வலை போட்டிருக்காங்க சார். நாம வலை மேல ஏறிடக்கூடாதுன்னு மறிக்க வாறாங்க" என்றான். பைனாகுலரில் பார்த்தால் ஏணி இல்லை, கையில் ஏதோ துணியை ஆட்டுகிறார்கள். பத்து டிகிரி திருப்பினேன், அவர்களும் நின்றுவிட்டார்கள். வலையைக் காப்பாற்ற வேகமாக வரும் மீனவனும், கப்பலைப் பிடிக்க வேகமாக வரும் கொள்ளையனும் ராடாரில் ஒரே புள்ளிதான். அந்தக் குளச்சல் பையனுக்குத் தெரிந்தது இத்தாலியில் பயிற்சி எடுத்தவனுக்குத் தெரியாது.

இன்னொன்று எங்கள் ஊரிலேயே நடந்தது. துறைமுகங்களில் ஆயுதத்தோடு இறங்க முடியாது என்பதால், நடுக்கடலில் மிதக்கும் ஆயுதக் கிடங்காகச் சில கப்பல்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். அப்படி ஒன்றான 'சீமேன் கார்டு ஓஹியோ'வை 2013 அக்டோபரில் இந்தியக் கடலோரக் காவல்படை மறித்துத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. மாலுமிகளும் காவலர்களுமாக 35 பேர். பிரிட்டிஷ்காரர்கள், எஸ்டோனியர்கள், உக்ரைனியர்கள், நம் ஆட்கள் எல்லாம் கலந்து. அனுமதியில்லாத ஆயுதம் என்று வழக்கு. 2016ல் ஐந்தாண்டு சிறை, 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை எல்லாரையும் விடுவித்தது. கொள்ளையரைத் தடுக்க வந்தவர்கள் நாலு வருடம் வழக்கிலும் சிறையிலும் கழித்தார்கள். இந்தியா செய்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். மும்பைத் தாக்குதல் கடல் வழியாக வந்து ஐந்து வருடம்கூட முடியாத நேரம் அது, துப்பாக்கியோடு சுற்றும் கப்பலைச் சும்மா விட முடியாது. ஆனால் 'நாலு துப்பாக்கி வைத்தால் தீராதா' என்ற கேள்விக்கு இந்த இரண்டு வழக்கும் பதிலின் ஒரு பகுதி.

அரசாங்கங்கள் பக்கம் வருவோம். 1991ல் சோமாலியாவில் அரசு விழுந்த பிறகு, அந்நாட்டுக் கடல் எல்லைக்குள் கொள்ளையரைத் துரத்திப் போக யாருக்கும் அதிகாரம் இல்லாமல் இருந்தது. 2008 ஜூனில் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1816ஆம் தீர்மானம், சோமாலிய இடைக்கால அரசின் ஒப்புதலோடு, அந்த அனுமதியைக் கொடுத்தது. டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் 'அடலாண்டா' கடற்படை நடவடிக்கை தொடங்கியது. அடுத்த வருடம் அமெரிக்கா தலைமையில் ஒரு கூட்டுப்படை. நேட்டோவும் வந்தது. இந்தியா, சீனா, ஜப்பான், ரஷ்யா, தென் கொரியா தனித்தனியாக வந்தன. வேறெங்கும் முகம் கொடுத்துப் பேசாத கடற்படைகள் இதற்காகப் பஹ்ரைனில் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசின. 2009 பிப்ரவரியில் ஏடன் வளைகுடாவுக்குள், போக ஐந்து மைல் வர ஐந்து மைல் அகலத்தில், நடுவே இரண்டு மைல் இடைவெளி விட்டு ஒரு பாதை குறித்தார்கள். 10 நாட் கப்பல்கள் இந்த மணிக்கு, 14 நாட் கப்பல்கள் அந்த மணிக்கு என்று புறப்படச் சொல்லி, ஆபத்தான பகுதியை எல்லாரும் கூட்டமாகக் கடக்க வைத்தார்கள். கணக்கு எளிது. கப்பல்கள் கடல் முழுக்கச் சிதறிப் போனால் காவலும் சிதறும், ஒரு சந்துக்குள் போனால் அரை மணி நேரத்தில் ஹெலிகாப்டர் வரும்.

வளைகுடாவுக்குள் கெடுபிடி கூடியதும் கொள்ளையர் வெளியே போனார்கள். 2010 கடைசியிலும் 2011 தொடக்கத்திலும் லட்சத்தீவு வரை வந்துவிட்டார்கள். ஓமனின் சலாலாவையும் மாலத்தீவின் மாலேயையும் இணைக்கும் கோட்டுக்குத் தெற்கிலும் மேற்கிலும் போகக்கூடாது என்று நம்மூர் மரக்கலங்களுக்கு 2010 மார்ச்சிலேயே தடை வந்துவிட்டது. 2011 ஜனவரி முதல் மார்ச்சுக்குள் 'பிரான்டலே 14', 'பிரான்டலே 11', 'வேகா 5' என்று தாய்க்கப்பல்களை வரிசையாக மடக்கி, 120 பேர் அளவில் பிடித்து மும்பைக்குக் கொண்டுவந்தது இந்தியக் கடற்படை. 'வேகா 5'ல் மட்டும் 61 பேர். இதே கடற்படையின் ஐஎன்எஸ் தபார் 2008 நவம்பரில் சுட்டு மூழ்கடித்த தாய்க்கப்பல், கொள்ளையர் கடத்தி வைத்திருந்த தாய்லாந்து மீன்பிடிக் கப்பல் என்று பிறகு தெரிந்தது. கட்டிப்போடப்பட்டிருந்த மீனவர்களும் அதில் போனார்கள். இதையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

பிடித்தபின் என்ன செய்வது என்பதில்தான் அரசாங்கங்கள் தடுமாறின. கடல் சட்டத்துக்கான ஐ.நா. உடன்படிக்கையின்படி எந்த நாடும் நடுக்கடல் கொள்ளையனைப் பிடித்துத் தன் நீதிமன்றத்தில் நிறுத்தலாம். 'நிறுத்தலாம்' என்றுதான் இருக்கிறது, 'நிறுத்த வேண்டும்' என்று இல்லை. சாட்சி சொல்ல வேண்டிய மாலுமிகள் பல நாட்டுக்காரர்கள், மூன்று மாதத்தில் உலகம் முழுக்கச் சிதறிவிடுவார்கள். தண்டனை முடிந்ததும் அந்த ஆள் அடைக்கலம் கேட்பானோ என்று ஐரோப்பிய நாடுகளுக்குப் பயம். பிடிபடுகிறவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் விசாரணையே இல்லாமல் விடப்படுகிறார்கள் என்று ஐ.நா.வின் சிறப்பு ஆலோசகர் ஜாக் லாங் 2011ல் எழுதினார். ஆயுதத்தைக் கடலில் போட்டுவிட்டு, தண்ணீரும் டீசலும் கொடுத்து அனுப்பிவைத்த சம்பவங்களை வி.ஹெச்.எஃப். ரேடியோவில் நாங்களே கேட்டிருக்கிறோம். கென்யா, சீஷெல்ஸ், மொரீஷியஸ் நாடுகளோடு ஒப்பந்தம் போட்டு, அங்கே விசாரித்து, சோமாலியச் சிறைகளுக்கு அனுப்பும் ஏற்பாடு மெதுவாகத்தான் உருவானது.

நம் கதை இன்னும் மோசம். 1999ல் 'அலோண்ட்ரா ரெயின்போ' என்ற ஜப்பானியக் கப்பலைக் கடத்தியவர்களை நம் ஆட்கள் துரத்திப் பிடித்தார்கள், உலகமே பாராட்டியது. 2003ல் மும்பை நீதிமன்றம் தண்டித்தது, 2005ல் உயர் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. கடற்கொள்ளை என்று ஒரு குற்றமே நம் தண்டனைச் சட்டத்தில் இல்லை. தனிச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேற 2022 டிசம்பர் ஆனது. 2024 மார்ச்சில் 'ரூயென்' கப்பலை ஐஎன்எஸ் கொல்கத்தா 40 மணி நேரம் சுற்றி வளைத்து, விமானத்திலிருந்து மார்கோஸ் வீரர்களைக் குதிக்க வைத்து, 17 மாலுமிகளை மீட்டு 35 பேரைப் பிடித்ததே, அவர்களை மும்பைக்குக் கொண்டுவந்து கடற்கொள்ளை என்ற குற்றத்துக்கே வழக்குப் போட முடிந்தது அந்தச் சட்டம் இருந்ததால்தான்.

ஆனால் பிடித்து வைப்பதற்கும் யாரோ விலை கொடுக்கிறார்கள். 'அஸ்ஃபால்ட் வென்ச்சர்' என்ற டேங்கர் 2010 செப்டம்பரில் 15 இந்திய மாலுமிகளோடு கடத்தப்பட்டது. 2011 ஏப்ரலில் பணம் கொடுத்தாகிவிட்டது. கப்பலையும் 8 பேரையும் விட்டவர்கள், 7 பேரை மட்டும் கரைக்கு இறக்கிக்கொண்டு போனார்கள். காரணம், மும்பைச் சிறையில் இருந்த அந்த 120 பேர். எங்கள் ஆட்களை விடு, உங்கள் ஆட்களை விடுகிறோம் என்றார்கள். அந்த 7 பேர் ஊர் திரும்பியது 2014 அக்டோபர் கடைசியில். கடற்படை செய்தது சரி, அரசு மறுத்ததும் சரி, நாலு வருடம் புதரில் கிடந்தது மட்டும் அந்த ஏழு பேர். பாராட்டுச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஞாபகம் வரும்.

பணயத்தொகை பற்றிக் கோபமாக எழுதியிருக்கிறீர்கள். 2005 முதல் 2012 வரை சோமாலியக் கடற்கரையில் 179 கப்பல்கள் கடத்தப்பட்டன, கொடுக்கப்பட்ட பணம் 33.9 கோடி டாலரிலிருந்து 41.3 கோடி டாலருக்குள் இருக்கும் என்று உலக வங்கியும் ஐ.நா. அமைப்பும் இன்டர்போலும் சேர்ந்து போட்ட கணக்கு. படகில் போய் உயிரைப் பணயம் வைத்தவனுக்குக் கிடைத்தது 30,000 முதல் 75,000 டாலர் வரை, பெரிய பங்கு முதல் போட்டவனுக்கு. பணத்தைச் சின்ன விமானத்திலிருந்து பாராசூட்டில் கப்பல் பக்கத்தில் போடுவார்கள். இங்கிலாந்துச் சட்டப்படி கொள்ளையனுக்குப் பணயம் கொடுப்பது குற்றமில்லை என்று அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011ல் சொல்லிவிட்டது, காப்பீட்டு உலகம் பெரும்பாலும் அந்தச் சட்டத்தில்தான் ஓடுகிறது. கொடுத்த பணம் அடுத்த படகுக்கு டீசல் ஆனது என்பது உண்மை. இருந்தாலும் நான் அதை எதிர்க்க மாட்டேன். கொடுக்க ஆளில்லாத கப்பல்களுக்கு என்ன ஆனது என்று தெரியும். 'ஐஸ்பெர்க் 1' முதலாளி கைவிட்டுவிட்டார், அந்த மாலுமிகள் இரண்டே முக்கால் வருடம் உள்ளே கிடந்தார்கள், கடைசியில் சோமாலியாவின் பன்ட்லாந்துப் பகுதிப் படை போய்ச் சண்டை போட்டு மீட்டது. 'அல்பேடோ' 2010ல் பிடிபட்டு 2013ல் நங்கூரத்திலேயே மூழ்கிவிட்டது. இந்தியரும் இலங்கையரும் வங்கதேசத்தவரும் ஈரானியருமாக மிச்சமிருந்த 11 பேர் வெளியே வந்தது 2014 ஜூனில்.

அப்படியானால் எது கொள்ளையை அடக்கியது? சர்வதேசக் கடல்சார் அலுவலகத்தின் கணக்கில் சோமாலியத் தாக்குதல்கள் 2011ல் 237, 2012ல் 75, 2013ல் 15. சரிவு நிச்சயம், காரணப் பங்கீடு நிச்சயமில்லை. கம்பி, காவலர், கடற்படை, தாய்க்கப்பல் வேட்டை, சிறை, பன்ட்லாந்தின் கடல் போலீஸ் எல்லாமே அதே இரண்டு வருடத்தில் சேர்ந்து வந்தன, பிரித்துப் பார்க்க வழியில்லை. காவலர்களும் கம்பியும்தான் பாதிக்கு மேல் என்பது என் கருத்து, ஒரு கடற்படை அதிகாரியிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். வெளிநாட்டு மீன்பிடிக் கப்பல்கள் கொள்ளையடித்ததால்தான் சோமாலிய மீனவன் கொள்ளையனானான் என்ற வாதத்திலும் பாதி உண்மை இருக்கிறது. ஆரம்பத்தில் அப்படித்தான். 2008க்குள் அது முதலாளி, தொழிலாளி, கணக்குப்பிள்ளை வைத்து நடத்தும் வியாபாரமாகிவிட்டது. அந்த முதலாளிகளில் பெரியவரான அஃப்வெய்னே, தன் வாழ்க்கையைப் படமெடுக்கப் போகிறார்கள் என்று நம்பி 2013ல் பிரஸ்ஸல்ஸ் போய் இறங்க, பெல்ஜியப் போலீஸ் விமான நிலையத்திலேயே பிடித்துக்கொண்டது. படம் எடுப்பதாகச் சொன்னதே போலீஸ்தான்.

மேற்கு ஆப்பிரிக்காவில் இந்த வைத்தியம் அப்படியே பலிக்கவில்லை. கினி வளைகுடாவில் கப்பலை விட்டுவிட்டு ஆட்களை மட்டும் கடத்திக்கொண்டு போவார்கள். 2020ல் உலகம் முழுக்கக் கடத்தப்பட்ட 135 மாலுமிகளில் 130 பேர் அந்தப் பக்கம். நைஜீரியா தன் கடலில் வெளிநாட்டுத் தனியார் காவலர்களை விடாது, அந்நாட்டுக் கடற்படையின் துணையைத்தான் நாட வேண்டும். 2019ல் அது தனிச் சட்டம் கொண்டுவந்து, 2021ல் கப்பல், விமானம், டிரோன் எல்லாம் வாங்கி இறக்கியபின் எண்ணிக்கை நன்றாகக் குறைந்திருக்கிறது.

இப்போதைய நிலை. ஆபத்துப் பகுதி என்ற அறிவிப்பையே 2023 ஜனவரி 1ஆம் தேதி எடுத்துவிட்டார்கள். சோமாலியக் கடலுக்குள் போக ஐ.நா. தந்த அனுமதி அதற்கு முந்தைய வருடமே காலாவதியானது. செலவைக் குறைக்கப் பல கம்பெனிகள் காவலர்களை நிறுத்தின. அந்த வருடக் கடைசியில் ஏமனின் ஆயுதக் குழுவான ஹூதிகள் செங்கடலில் கப்பல்களை அடிக்கத் தொடங்க, போர்க்கப்பல்கள் அந்தப் பக்கம் திரும்பின. டிசம்பரில் 'ரூயென்', 2024 மார்ச்சில் வங்கதேசத்தின் 'அப்துல்லா' 23 மாலுமிகளோடு கடத்தப்பட்டன. கடற்படைகளின் கவனம் திரும்பியதால்தான் கொள்ளையர் மீண்டும் வந்தார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். பொருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் கொள்ளையரும் ஹூதிகளும் கைகோத்து வேலை செய்தது என்பதை நான் இன்னும் நம்பவில்லை. ஒன்று மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஹூதிகளின் ஏவுகணை கடற்கொள்ளை அல்ல. அதற்கு ரேஸர் வயரும் சிட்டாடலும் பதில் இல்லை, வேறு வழியில் சுற்றிப் போவதுதான் பதில்.

தம்பிக்கு வருகிறேன். ஏற்பாடு செய்யும் ஏஜென்சிக்கு ஆர்.பி.எஸ்.எல். உரிமம் (மாலுமிகளை வேலைக்கு எடுத்து அனுப்பும் உரிமம்) இருக்கிறதா என்று இந்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகமான டி.ஜி. ஷிப்பிங் தளத்தில் பாருங்கள். உரிமம் இல்லையென்றால் மற்ற எதையும் பார்க்க வேண்டாம். கப்பலுக்கு முறையான காப்பீடு உண்டா, மாலுமிகள் சங்க ஒப்பந்தம் உண்டா என்று கேளுங்கள். கடத்தப்பட்டு அடைபட்டிருக்கும் காலம் முழுக்கச் சம்பளம் ஓட வேண்டும் என்பது 2020 டிசம்பரிலிருந்து கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையிலேயே இருக்கிறது, ஆனால் கொடுக்க மனமும் காசும் உள்ள முதலாளி வேண்டும். கப்பலில் ஏறிய முதல் நாளே சிட்டாடல் எங்கே, தன் கேபினிலிருந்தும் வேலை செய்யும் இடத்திலிருந்தும் அங்கே போக எத்தனை நிமிடம் என்று இருட்டில் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். பயிற்சி மணி அடிக்கும்போது எடுப்பதற்கு எதுவும் இல்லை, போனும் வேண்டாம், பாஸ்போர்ட்டும் வேண்டாம். தலை எண்ணும்போது ஒரு தலை குறைந்தால் கதவை மூட முடியாமல் சீஃப் ஆபிசர் நிற்பார். நான் அப்படி நின்றிருக்கிறேன், பயிற்சியில்தான், கிச்சனில் அடுப்பை அணைக்கப் போன மெஸ்மேனுக்காக நாலு நிமிடம்.

அப்புறம், கேள்வியில் கப்பலின் பெயரையும் அது கொழும்பிலிருந்து கிளம்பும் தேதியையும் எழுதியிருக்கிறீர்கள். கப்பல் எங்கே போகிறது என்று காட்டும் தளங்கள் எத்தனையோ இருக்கின்றன என்றாலும், அதை மட்டும் இப்போதே எடுத்துவிடுங்கள்.